கலவரத்துக்குப் பின் முதல் ஒரு வாரம்: அரசு எழுதும் தாள்களில் பெண்கள் எங்கே விடுபடுகிறார்கள்

கேள்வி இது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சாதிக் கலவரமோ போலீஸ், வனத்துறைச் சோதனையோ நடந்தால் அதிகாரிகள் சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு மட்டும் நியாயம் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? முதல் நாட்களில் ஊர்க்காரர்கள் எதைச் செய்தால் வழக்கு நிற்கும்?

சட்டத்தில் பெரிய ஓட்டை எதுவும் இல்லை. முதல் சில நாட்களில் எழுதப்படும் தாள்களில்தான் ஓட்டை விழுகிறது. புகார், எஃப்.ஐ.ஆர்., மருத்துவச் சான்று, சேதக் கணக்கு, தடை உத்தரவு, அமைதிப் பேச்சுவார்த்தைக் குறிப்பு ஆகியவைதான் அந்தத் தாள்கள். நிர்வாகம் கலவரத்தை "சட்டம் ஒழுங்கு" என்றே முதலில் பார்க்கிறது. சாலை திறந்ததா, கூட்டம் கலைந்ததா, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டதா என்பவைதான் அதன் கேள்விகள். பெண்ணுக்கு என்ன நடந்தது என்பது அந்தப் பட்டியலில் கடைசியில் வரும், பல நேரம் வராமலே போகும். பிறகு நீதிமன்றம் கேட்கும்: "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

இந்த மண்ணிலேயே அதற்குப் பெரிய சாட்சி வாச்சாத்தி. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து ஊருக்குள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதாகிச் சேலம் சிறைக்குப் போனார்கள். அரசு முதலில் அடியோடு மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் எடுத்துச் சென்றதால் 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வனத்துறையினர் 126, போலீஸார் 84, வருவாய்த்துறையினர் 5. இவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தரவும், அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் சொன்னது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. எல்லாம் முடிய 31 ஆண்டுகள் ஆயின.

இந்த எண்களில் நான் கவனிக்கச் சொல்வது வருவாய்த்துறையின் அந்த 5 பேரை. கலவரம் நடந்தால் விசாரணைக்கு வருபவர் கோட்டாட்சியர், சேதம் எண்ணுபவர் தாசில்தார், ஊர்க் கணக்குச் சொல்பவர் வி.ஏ.ஓ. எல்லோரும் வருவாய்த்துறை. அந்தத் துறையே சோதனைக் கூட்டத்தில் இருந்தபோது, உள்ளூர் விசாரணையிலிருந்து உண்மை வருவதற்கு வழியே இல்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை அதனால்தான் அவ்வளவு முக்கியமானது. பாடம் நேரடியானது: குற்றம் சாட்டப்படுவது அரசு ஊழியர் என்றால், முதல் வாரத்திலேயே மாவட்டத்துக்கு வெளியே உள்ள அமைப்புக்கு மனு போக வேண்டும். பட்டியல் சாதிக்குத் தேசிய ஆணையம் தனி, பழங்குடியினருக்குத் தனி. மாநில மனித உரிமை ஆணையமும் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது சாட்சி, தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாய். 2012 நவம்பர் 7. பட்டியல் சாதி இளைஞர் ஒருவரும் வன்னியர் சமூகத்துப் பெண் ஒருவரும் காதலித்து மணந்திருந்தார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்றைக்கே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளுக்குள் கூட்டம் புகுந்தது. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு வழியை மறித்துவிட்டு வீடுகளுக்குத் தீவைத்தார்கள். சேதமான வீடுகள் 268. உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அந்த இளைஞரின் உடல் தருமபுரியில் ரயில் பாதையோரம் கிடந்தது. அவர் மரணம் குறித்து ஓய்வுபெற்ற நீதிபதி சிங்காரவேலு தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது.

இங்கே பெண் இரண்டு விதத்தில் காணாமல் போகிறாள். ஆதிக்க சாதியில் பிறந்த பெண்ணின் முடிவு எல்லா அறிக்கைகளிலும் "கலவரத்துக்குக் காரணம்" ஆகிவிடுகிறது. தீவைத்தவனின் முடிவு காரணமாக எழுதப்படுவதில்லை. எரிந்த தெருவின் பெண்களோ "சேதமான வீடுகள்" என்ற எண்ணிக்கைக்குள் கரைந்துபோகிறார்கள். இந்தப் பக்கத்துக் காலனிகளில் ஆண்கள் பாதிப்பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள். தீ வரும்போது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வயலில் ஓடுவதும், பிறகு சோதனைக்கு வரும் போலீஸுக்குப் பதில் சொல்வதும் பெண்கள்தான். ஆனால் புகாரில் கையெழுத்து ஊர்ப் பெரியவருடையது.

திருமணத்துக்கும் கலவரத்துக்கும் நடுவில் கிடைக்கும் நாட்களைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தடுக்க முடிவது அப்போதுதான். "பெண்ணைக் காணவில்லை" என்று பெற்றோர் மனுக் கொடுத்ததும் நிலையத்தில் நடப்பது, இருவரையும் வரவழைத்து உறவினர் நடுவில் உட்கார வைத்துப் பேசுவது. இது ஆபத்தான பழக்கம். வாசலில் கூட்டம் சேர்வதே இதனால்தான். பெண்ணுக்கு 18 வயது முடிந்திருந்தால் அவளை யாரிடமும் "ஒப்படைக்க" காவல்துறைக்கு அதிகாரம் இல்லை. வயதுச் சான்றை வாங்கிக்கொண்டு, தேவைப்பட்டால் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் வாக்குமூலம் பதிவுசெய்து, அவள் சொல்லும் இடத்துக்குப் பாதுகாப்போடு அனுப்ப வேண்டும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் இதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எஸ்.பி., மாவட்டச் சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப்பிரிவு இருக்க வேண்டும். பாதுகாப்பு இல்லம் வேண்டும். 24 மணி நேர உதவி எண் வேண்டும். ஊர்க்கூட்டம் கூடப்போகிறது என்று தெரிந்தால் டி.எஸ்.பி. நேரில் போய்த் தடுக்க வேண்டும், மீறிக் கூடினால் வீடியோ எடுக்க வேண்டும். ஆகவே தம்பதி கொடுக்கும் மனு நிலையத்துக்கு மட்டும் போகக்கூடாது. அதே மனுவை எஸ்.பி. அலுவலகத்துக்கும் அந்தத் தனிப்பிரிவுக்கும் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மனுவில் பையனின் வீட்டு முகவரியோடு அவன் தெருவையும் குறிப்பிட்டு, அந்தக் காலனிக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டும். பெரும்பாலான மனுக்களில் இந்த ஒரு வரிதான் இல்லை. தாக்குதல் தம்பதி மேல் வருவதைவிடத் தெரு மேல் வருவதுதான் அதிகம்.

இனி, நடந்துவிட்ட பிறகு.

புகார். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி, எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. சாதிச் சான்றும் அப்போது தேவையில்லை. "சான்று கொண்டு வா, பார்க்கலாம்" என்பது தவறு. வீடே எரிந்தவர்களிடம் சான்று எப்படி இருக்கும்? பிற்பாடு நீதிமன்றத்துக்கு அது வேண்டும். பட்டியல் சாதிக்குத் தாசில்தாரிடமும் பழங்குடிக்குக் கோட்டாட்சியரிடமும் அன்றைக்கே விண்ணப்பித்து வைப்பது நல்லது. மலையாளி, இருளர் குடும்பங்களுக்கு இந்தச் சான்று இழுத்தடிக்கப்படுவதால் நிவாரணம் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதியவர் அதைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இதைச் செய்யாத அரசு ஊழியருக்கு 4-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. வேறு எல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த நிலையத்திலும் பதிவுசெய்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வந்ததும் பிரிவுகளைப் படியுங்கள். இங்கே ஒரு நுணுக்கம். தீவைப்புக்கு இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. 3(2)(iii) பொதுவான சொத்துக்கு, தண்டனை 6 மாதம் முதல் 7 ஆண்டு. 3(2)(iv) குடியிருக்கும் வீட்டை அழிக்கும் தீவைப்புக்கு, தண்டனை ஆயுள். எரிந்தது குடியிருந்த வீடு என்ற சொல் புகாரில் இல்லாவிட்டால், "குடிசை, வைக்கோல் போர், வண்டி" என்று கலந்து எழுதி முதல் பிரிவில் நின்றுவிடுவார்கள். அதனால் "நானும் என் பிள்ளைகளும் குடியிருக்கும் வீடு" என்று பெண்ணே தன் பேரில் எழுத வேண்டும். மானபங்கமாகத் தொட்டது, சாதியைச் சொல்லிப் பாலியல் வசை பேசியது இருந்தால் 3(1)(w) சேர வேண்டும். வகுப்பு அல்லது பிரிவுக் கலவரத்தின்போது நடந்த பாலியல் வன்கொடுமை என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 64(2) பொருந்தும், குறைந்தது 10 ஆண்டு. பெண்ணின் பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவுசெய்ய மறுக்கும் அதிகாரிக்கே அதே சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

விசாரணை அதிகாரி யார் என்பதில் வழக்குகள் கவிழ்ந்திருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். பெண் சம்பந்தப்பட்டது என்று அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே ஆய்வாளர்தான் இருப்பார். அவர் பெண்ணின் வாக்குமூலத்தை எழுதுவது சரி, தேவையும்கூட. விசாரணையையே அவர் நடத்திக் குற்றப்பத்திரிகை போட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அதுதான். குற்றப்பத்திரிகைக்குக் கெடு 60 நாள்.

மருத்துவப் பரிசோதனை 24 மணி நேரத்துக்குள், பெண்ணின் சம்மதத்தோடு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர மறுக்க முடியாது. இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் கண்டித்துத் தடுத்திருக்கிறது. அதைச் செய்ய முனைந்தால் மறுக்கலாம். உடுத்திருந்த துணியைத் துவைக்கக்கூடாது. நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயம் அழியும். நாள் தள்ளிப்போனாலும் பரிசோதனைக்குப் போக வேண்டும், தாமதத்தால் மட்டும் வழக்கு விழாது. ஆனால் தாமதத்துக்கான காரணம் (சாலை மறிப்பு, மிரட்டல், காவலில் இருந்தது) மருத்துவர் குறிப்பிலேயே பதிவாக வேண்டும்.

கைதானவர்களில் பெண்கள் இருந்தால் கவனிக்க வேண்டியவை வேறு. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கு என்றால் பெண் அதிகாரி, நடுவரின் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிச் செய்ய வேண்டும். சாட்சி விசாரணைக்கு என்று பெண்ணை நிலையத்துக்கு அழைக்க முடியாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். அஞ்செட்டி, பென்னாகரம், சித்தேரி மாதிரி காட்டோர ஊர்களில் வனச்சரக அலுவலகத்தில் "விசாரிக்க" உட்கார வைக்கும் வழக்கத்துக்கும் இதே பதில்தான்: கைது என்றால் கைதுக் குறிப்பு வேண்டும், உறவினருக்குத் தகவல் வேண்டும், 24 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்த வேண்டும். நடுவர் "ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று கேட்கும் அந்த ஒரு நிமிடம் மிகப் பெரியது. அழைத்து வந்த ஆட்கள் பின்னால் நிற்கும்போது எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. அவர்களை வெளியே அனுப்பும்படி கேட்கலாம். அதற்கு முந்தின இரவே 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசி, இலவச வழக்கறிஞர் ஒருவரை அங்கே நிற்கவைக்க முயலுங்கள்.

அடையாளம். கூட்டத்தில் யாரென்று தெரியாதபோது அடையாள அணிவகுப்பு நடக்கும். அதுவரை பத்திரிகைப் படம், வாட்ஸ்அப் படம் எதையும் சாட்சிகளுக்குக் காட்டாதீர்கள். "முன்பே படத்தில் பார்த்துவிட்டார்" என்றால் அணிவகுப்பு பயனற்றுப்போகும். நினைவில் உள்ளதை அன்றைக்கே எழுதிவையுங்கள்: உயரம், தழும்பு, பேசிய விதம், சீருடையின் நிறம், வண்டி எண்ணில் ஞாபகமுள்ள இரண்டு எழுத்து. கைபேசியில் எடுத்த வீடியோ இருந்தால் அந்தக் கைபேசியை மாற்றாமல் வைத்திருங்கள். பத்துப் பேருக்கு அனுப்பிய நகலைவிட எடுத்த கருவிதான் சாட்சியம். நகலைக் கொடுத்தால் அதோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

தடை உத்தரவு. பழைய 144 இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது. மாநில அரசு மட்டும் மேலும் ஆறு மாதம் வரை நீட்டலாம். உத்தரவில் காரணம் எழுதியிருக்க வேண்டும், அதை வெளியிட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் இந்த உத்தரவு தாக்கியவர்களைவிட, உண்மை அறியப் போகும் மாதர் சங்கத்தையும் வழக்கறிஞரையும்தான் அதிகம் தடுக்கிறது. அவர்கள் நுழைய முடியாத நாட்களில்தான் பெண்களின் காயம் ஆறுகிறது, துணி துவைக்கப்படுகிறது. நகல் கேட்டு மனுக் கொடுங்கள். ஒரு வழக்கறிஞரும் ஒரு பெண் மருத்துவரும் உள்ளே போக எழுத்துமூல அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் ஆவணம்.

அடுத்தது சேதக் கணக்கு. என் பார்வையில் பெண்கள் மிக அதிகம் இழப்பது இங்கேதான். தாசில்தார் அலுவலகப் படிவம் கூரை, சுவர், டி.வி., பைக் என்று போகும். ஆடு, கோழி, தையல் மிஷின், சுய உதவிக் குழுச் சேமிப்புப் புத்தகம், பீரோவில் இருந்த நகை, நகை அடகு ரசீது, மகளின் மதிப்பெண் சான்றிதழ், மாத்திரை, பால் கேன் எதுவும் வராது. ஆதிதிராவிடர் நலத்துறை மனைப்பட்டா பெரும்பாலும் பெண் பேரில்தான் இருக்கும், ஆனால் கணக்கு எடுப்பவர் ஆண் பேரைக் கேட்டு எழுதிப் போவார். வீட்டுக்கு ஒரு தாள் எடுத்து, பெண் பேரில், பொருள், வாங்கிய ஆண்டு, தோராய விலை என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். சாம்பலை அள்ளும் முன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்து படம் எடுங்கள். அடகு ரசீது எரிந்தால் வங்கியிலோ கடையிலோ உடனே எழுத்தில் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆட்சியரும் எஸ்.பி.யும் நேரில் வந்து சேதத்தைப் பார்க்க வேண்டும், நிவாரணம் 7 நாளுக்குள் கிடைக்க வேண்டும். முழுவதும் எரிந்த வீட்டுக்குப் பதில் செங்கல் அல்லது கல் வீடு அரசு செலவில் கட்டித் தர வேண்டும். இரும்புத் தகடு ஷெட்டோடு நிற்பது சட்டம் சொன்னது இல்லை. மத்திய விதியில் 85,000 ரூபாய் முதல் 8.25 லட்சம் வரை இருந்த நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு 2021-ல் 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை உயர்த்தியது. பாலியல் வன்கொடுமைக்கு இது தவணையாக வரும்: பரிசோதனை உறுதியானதும் பாதி, குற்றப்பத்திரிகையின்போது கால், விசாரணை முடிந்ததும் கால். முதல் தவணை வந்ததும் கோப்பு தூங்கிவிடும். குற்றப்பத்திரிகை எண்ணை எழுதி இரண்டாம் தவணைக்கு நீங்களே மனுப் போட வேண்டும். முகாமில் பெண் காவலர், கழிப்பறைக்கு விளக்கு, கர்ப்பிணிகளுக்கு ஊசி, மாத்திரை, அணையாடை ஆகியவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது கோப்பில் ஏறாது.

அமைதிப் பேச்சுவார்த்தை பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். தாலுகா அலுவலகத்தில் மேசைக்கு இரண்டு பக்கமும் ஆண்கள் உட்கார்ந்து, "இரு தரப்பும் வழக்கை வாபஸ் பெறுகிறோம்" என்று கையெழுத்திடுவார்கள். இதற்குத் தோதாக எதிர் வழக்கு ஒன்று முன்பே போடப்பட்டிருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு சமரசத்துக்கு உட்பட்டதல்ல. பஞ்சாயத்துக் கையெழுத்தால் அது முடியாது. ஆனால் சாட்சிகளின் மனத்தை அது உடைத்துவிடும். பேச்சுவார்த்தைக்குப் போகலாம், தண்ணீர், பால், கடை, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூட வழி பற்றிப் பேசலாம். குறிப்பில் "வழக்கு நடவடிக்கைகளை இது பாதிக்காது" என்ற வரி இருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட பெண்களில் இருவராவது மேசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் அரசு ஊழியர் என்றால் "அனுமதி வரவில்லை" என்று கோப்பு நிற்கும். பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்கு அரசின் முன் அனுமதியே தேவையில்லை. மற்றக் குற்றங்களுக்கு 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 218-ஆம் பிரிவு.

வழக்கு நீதிமன்றம் போன பிறகு சாட்சிகள் தளர்வது பயத்தால் மட்டும் இல்லை, கூலி போவதால். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பயணப்படி, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படி உண்டு. பெண்ணுடன் வரும் துணையாளுக்கும் உண்டு. மூன்று நாளுக்குள் தர வேண்டும். கேட்காமல் யாரும் தருவதில்லை. ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு. அறிவிப்பு இல்லாமல் கொடுத்த ஜாமீனை ரத்துசெய்யக் கோரலாம். காவல்துறை "பொய்ப் புகார்" என்று முடித்து அறிக்கை அனுப்பினால் அந்த அறிக்கையின் நகலை நீதிமன்றத்தில் பெற்று, ஆட்சேப மனு போட வேண்டும். அந்த மனுவோடு முதல் வாரத்தில் வாங்கிய ஒவ்வொரு ரசீதும், மருத்துவக் குறிப்பும், வீட்டுக்கு ஒரு தாளாக எழுதிய சேதப் பட்டியலும் இணைப்பாகப் போக வேண்டும்.